குடா: வளைவுக்கு வைத்த பெயர்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வங்காள விரிகுடா, பாரசீக வளைகுடா என்னும்போது குடா என்பது கடல். யாழ்ப்பாணக் குடாநாடு என்னும்போது அதே குடா நிலமாகிவிடுகிறது. ஒரே சொல் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? குடம், குடை ஆகியவற்றோடு இதற்கு உறவு உண்டா? நீங்கள் மொழிபெயர்க்கும் பகுதியில் வரும், காற்றும் அலையும் அடங்கிய சிறிய கடல் ஒதுக்கத்துக்குத் தமிழில் எந்தச் சொல்லை எழுதுவது?

குடா என்றால் வளைவு. தண்ணீர் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை, நிலம் என்ற பொருளும் இல்லை. கரை வளைகிறது. அந்த வளைவுக்குள் கடல் வந்தால் குடாக்கடல். அந்த வளைவுகள் சூழ ஒரு நாடு நின்றால் குடாநாடு. பின்னாளில் கடல் என்ற பகுதியை விட்டுவிட்டுக் குடா என்று மட்டும் சொல்லிப் பழகியதால்தான் இந்தக் குழப்பமே வந்தது. மற்றதெல்லாம் இதன் விரிவுதான். ஆனால் அந்த விரிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சொல்லின் அமைப்பு. நிலா, கனா, விழா, உலா, சுறா, இறா, புறா ஆகிய சொற்களைப் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் ஓர் இரட்டை உண்டு: நிலவு, கனவு, விழவு, உலவு, சுறவு, இறவு, புறவு. நன்னூல் இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறது: "குறியதன் கீழ் ஆக் குறுகலும் அதனோடு உகரம் ஏற்றலும் இயல்பு மாந் தூக்கின்." தனிக்குறிலை அடுத்து வரும் ஆகாரம் செய்யுளில் அகரமாகக் குறுகலாம், குறுகியதோடு உகரம் ஏற்கலாம், அப்படியே நிற்கவும் செய்யலாம் என்பது பொருள். குடா இந்த அச்சில் அப்படியே பொருந்துகிறது. அதன் இரட்டை குடவு. குடவு என்றால் வளைவு, அதோடு குகை என்றும் பொருள் உண்டு. வளைவும் உட்குழிவும் ஒட்டிப் பிறந்த கருத்துகள் என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. ஒரு கம்பியை வளைத்தால் உள்ளே ஓர் இடம் பிறக்கிறது அல்லவா, அதுதான்.

வளைவு என்ற பொருளில் குடா வரும் இடங்களில் எனக்கு மிகவும் பிரியமானது ஒரு கரடி. திருமுருகாற்றுப்படையின் கடைசியில் பழமுதிர்சோலை மலையிலிருந்து அருவி இறங்குகிறது. அதைக் கண்டு மிரளும் விலங்குகளை நக்கீரர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதில் "குரூஉமயிர் யாக்கைக் குடாவடி உளியம் பெருங்கல் விடரளைச் செறிய" என்று ஓர் இடம். உளியம் கரடி. அடர்ந்த மயிருடைய அந்தக் கரடி பாறைப் பிளவுக்குள் போய் ஒண்டிக்கொள்கிறது. குடாவடி என்றால் வளைந்த பாதம். கரடி நடப்பதை நீங்கள் உயிரியல் பூங்காவில் பார்த்திருப்பீர்கள். முன்கால்கள் உள்நோக்கித் திரும்பி, பாதம் வளைந்து வளைந்து விழும். அந்த நடையை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார். கடலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குடா முதலில் ஒரு வடிவத்தின் பெயர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை.

அதே நூலிலேயே "குடந்தம் பட்டுக் கொழுமலர் சிதறி" என்றும் வருகிறது. குடந்தம் என்பது உடல் வளைந்து வணங்குவது. குடங்குதல் என்றால் வளைதல். குவித்த உள்ளங்கைக்குக் குடங்கை என்று பெயர். தண்ணீர் அள்ளிக் குடிக்கும்போது கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சிறிய குடாவும் அதே வடிவம்தான்: விரல்கள் கரை, நடுவில் நீர். குடமும் இந்த உறவுக்காரன்தான், எல்லாப் பக்கமும் வளைந்து மூடிய வயிறு அது. குடையைப் பொறுத்தவரை, குடைதல் என்ற வினையை நினைவில் வையுங்கள். குடைவரைக் கோயிலில் பாறையைக் குடைகிறோம். திருப்பாவையில் ஆண்டாள் "குள்ளக் குளிரக் குடைந்து நீராடாதே" என்று கேட்கிறாள். உட்குழிவு, உள்ளே நுழைவது என்ற கருத்து அங்கே ஓடுகிறது. கடல் நிலத்தைக் குடைந்து உள்ளே வருவதாகவும் ஒரு குடாவைப் பார்க்கலாம். ஆனால் சொல்லின் வழியாக நான் முதலில் நிற்பது வளைவின் பக்கம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புறநானூற்றின் ஆறாம் பாட்டு, காரிகிழார் என்ற புலவர் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடியது. "வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும், தெனாஅது உருகெழு குமரியின் தெற்கும், குணாஅது கரைபொரு தொடுகடற் குணக்கும், குடாஅது தொன்றுமுதிர் பௌவத்தின் குடக்கும்" என்று தொடங்கும். குடாவும் பௌவமும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து, சங்க காலத்திலேயே குடாக்கடல் வந்துவிட்டது என்று எடுத்துக்காட்டினால் அது பிழை. இங்கே குடாஅது என்றால் மேற்கில் உள்ளது. வடாஅது, தெனாஅது, குணாஅது என்ற வரிசையிலேயே அது தெரிகிறது. குடக்கு மேற்கு, குணக்கு கிழக்கு. குடகடல் என்றால் மேற்குக்கடல், குடமலை என்றால் மேற்குமலை. சூரியன் வளைந்து இறங்கும் திசை என்பதால் குடக்கு வந்தது என்று விளக்குவோர் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் திசைப்பெயரையும் வளைவுப்பெயரையும் தனித்தனியே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம். நெய்தல் பாடல்களில் உள்வாங்கிய நீரைக் குறிக்கப் புலவர்கள் எடுப்பது பெரும்பாலும் கழி என்ற சொல்லைத்தான். இருங்கழி, அதன் ஓரத்தில் தாழை, கானல், துறை. அந்த உலகம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, குடா என்ற சொல் மக்கள் வாயில் உயிரோடு இருக்கும் கரை எது? இலங்கையின் கிழக்குக் கரை. மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாவும் கல்குடாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பாசி படிந்த குடா, கல் நிறைந்த குடா. பெயரிலேயே விளக்கம் முடிந்துவிடுகிறது. பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமே இல்லாமல் நடந்து போகலாம். பவளப்பாறைத் திட்டு வெளியே நின்று அலையை உடைத்துவிடுவதால் உள்ளே நீர் ஒரு குளம்போலக் கிடக்கும். இன்னும் தெற்கே அறுகம் குடா. இப்போது சுற்றுலா வந்தபின் பலர் அதை ஆங்கில ஒட்டோடு அறுகம்பே என்கிறார்கள். அலைச்சறுக்கு விளையாட்டுக்கு உலகெங்கிலுமிருந்து வருகிறவர்கள் அங்கே தேடுவது குடாவின் அமைதியை அல்ல, அதன் முனையில் சுற்றித் திரும்பும் நீண்ட அலையை. அந்த அலையும் கரையின் வளைவு தந்ததுதான். வடக்கே திருகோணமலையில் கொட்டியாரக் குடா இருக்கிறது. மகாவலி கங்கை அங்கேதான் கடலில் கலக்கிறது.

இலங்கை ஊர்ப்பெயர்களைப் படிக்கும்போது இன்னொரு பொறி. சிங்களத்தில் குடா என்றால் சிறியது. மாலத்தீவின் திவெஹி மொழியிலும் குட என்றால் சிறியதுதான். அதனால் குடா ஓயா என்ற பெயரைக் கண்டு அங்கே கடல்வளைவு இருப்பதாக நினைத்துவிடக் கூடாது, அது சிற்றாறு. பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சிங்களத்தில் அது அடைமொழி, ஆகவே பெயரின் முன்னால் வரும். தமிழில் அது பெயர், ஆகவே பாசிக்குடா, கல்குடா போலக் கடைசியில் வரும்.

தமிழ்நாட்டுக் கரையில் இப்படிக் குடா என்று முடியும் பெயர்பெற்ற ஊர் ஒன்றும் இல்லை. துறை உண்டு, பட்டினம் உண்டு, பாக்கம், காயல், கரை, முனை எல்லாம் உண்டு. ஏன் குடா இல்லை? வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை சோழமண்டலக் கரை கிட்டத்தட்ட நூல் பிடித்த மாதிரி இறங்குகிறது. கப்பல் ஒண்ட ஒரு மடக்கு கிடையாது. ஆறுகளின் முகத்துவாரம் மட்டும்தான் ஒதுக்கம், அதுவும் மணல் மேடிட்டு மூடிக்கொள்ளும். சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இதுதான் நடைமுறை. 1870-களில்தான் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் வீசிய புயல் அதையும் உடைத்தது. இயற்கை தராத வளைவை மனிதன் கல்லால் வளைத்த கதை சென்னைத் துறைமுகம்.

இந்த நேர்கரைக்கும் எதிர்க்கரையின் குடாக்களுக்கும் உள்ள உறவை ஒரு வரலாற்று நிகழ்ச்சி நன்றாகக் காட்டும். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு எதிரே திறந்த கடலில் நின்ற ஓர் ஆங்கிலக் கப்பல் புயலில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்திவிட்டுத்தான் தப்பியது. புதுப் பாய்மரம் நிறுத்த அமைதியான இடம் வேண்டும். அதற்காக அவர்கள் வந்து சேர்ந்த இடம் கொட்டியாரக் குடா. அங்கே கண்டி அரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ராபர்ட் நாக்ஸையும் சிறைபிடித்தார்கள். மகன் 1679-இல்தான் தப்பினார். பிறகு அவர் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681-இல் வெளிவந்தது. கடலிடமிருந்து அந்தக் குடா அவர்களைக் காத்தது. அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருகோணமலைக்காக மாறி மாறிச் சண்டையிட்டதற்கும் இதே காரணம்தான். ஐப்பசி பிறந்து வாடை எழுந்துவிட்டால் சென்னைக்கு எதிரே கப்பலை நிறுத்தி வைக்க முடியாது. எங்கேயாவது ஒரு வளைவுக்குள் போயாக வேண்டும்.

வளைந்த கரைக்குள் ஏன் கடல் அடங்குகிறது? இரண்டு காரணம். ஒன்று கண்ணுக்குத் தெரிவது: இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் காற்றை மறைக்கின்றன. இரண்டாவது கொஞ்சம் நுட்பம். அலை ஆழமில்லாத இடத்தில் வேகம் குறையும். முனைக்கு முன்னால் ஆழம் குறைவு, குடாவின் நடுவில் ஆழம் கூடுதல். ஒரே வரிசையாக வரும் அலையில் முனைக்கு எதிரே உள்ள பகுதி முதலில் தளர்கிறது, நடுப்பகுதி முந்திக்கொண்டு உள்ளே போகிறது. இதனால் அலைவரிசையே வளைந்து, அதன் வலுவெல்லாம் முனைகளின் மேல் குவிகிறது. குடாவுக்குள் வரும் அலை விரிந்து மெலிந்துபோகிறது. அதனால்தான் முனைகளில் பாறை தேய்கிறது, குடாவில் மணல் தங்குகிறது. கரை வளைந்திருப்பதால் அலையும் வளைகிறது.

ஆனால் எந்தக் காற்றிலிருந்து ஒதுக்கம் என்று கேட்க வேண்டும். இதை மீனவர்களிடம்தான் படிக்க வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அந்தப் பக்கத்து மக்கள் பாடப்புத்தகப் பெயர்களைச் சொல்வதில்லை. வடகடல், தென்கடல் என்பார்கள். சாதுவான வடகடலைப் பெண்கடல் என்றும் சீறும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், பாலத்தின் மறுபக்கம் வடகடல் கண்ணாடிபோலக் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ், பெண்கடலும் குமுறும். ஒரு குடா ஒரு பருவத்துக்குத்தான் வீடு. வரைபடத்தில் குடா என்று எழுதிவிட்டால் அது ஆண்டு முழுவதும் அமைதியான நீர் என்று நினைத்துக்கொள்கிறோம். கரையில் இருப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை.

போகிற போக்கில் ஒன்று: பாக் என்பதைப் பாக்கு என்று எழுதுவதால், வெற்றிலை பாக்கோடு தொடர்பு இருக்குமோ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் அது.

இப்போது குடாநாடு. தமிழ்நாட்டில் நாம் தீபகற்பம் என்று படித்தோம். தீபம் என்பது இங்கே விளக்கு அல்ல, த்வீபம், அதாவது தீவு. கல்ப என்ற வடமொழி ஒட்டுக்கு ஏறத்தாழ அதுபோன்றது என்று பொருள். தீவைப் போன்றது, ஆனால் தீவாகாதது. இலத்தீனிலும் இதே பார்வைதான், ஏறத்தாழத் தீவு என்றே சொல் அமைந்தது. இலங்கைத் தமிழர் இந்தப் பக்கமே வராமல், வளைவை வைத்தே பெயரிட்டார்கள். யாழ்ப்பாணத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆனையிறவில் ஒரு மெல்லிய கழுத்து. அதற்கு மேலே நிலம் நாலாபக்கமும் நீரேரிகளாலும் கடல்வளைவுகளாலும் கடித்து எடுக்கப்பட்டதுபோல இருக்கும். தொண்டைமானாறு ஒரு பக்கம் உள்ளே வருகிறது, உப்பாறு இன்னொரு பக்கம். குடாக்கள் சூழ்ந்த நாடு குடாநாடு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். வளைந்து நீண்ட நாடு என்று கொண்டாலும் தவறில்லை, குடாவின் அடிப்படைப் பொருள் அதையும் தாங்கும். எப்படிப் பார்த்தாலும், கரைக்கோட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் குடாக்கடல், இந்தப் பக்கம் நின்று பார்த்தால் குடாநாடு. உங்கள் முதல் கேள்விக்கு என் முழு விடை இதுதான்.

விரிகுடா, வளைகுடா இரண்டும் பாடநூல்களும் செய்தித்தாள்களும் நிலைநிறுத்திய சொற்கள். வாய் அகன்று விரிந்தால் விரிகுடா, உள்ளே ஆழமாக வளைந்து போனால் வளைகுடா. வினைத்தொகைகளாக இரண்டும் நல்ல தமிழ். வளைகுடாவில் வளைவு இரண்டு முறை வருகிறது என்பது உண்மை, ஆனால் குடாவின் பழைய பொருள் மறந்துபோன காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. 1990-91 வளைகுடாப் போருக்குப் பிறகு அந்தச் சொல் ஒரு கடலின் பெயராக இருப்பதை விட்டு, வேலைக்குப் போகும் நாடுகளின் பெயராகவே மாறிவிட்டது. அண்ணன் வளைகுடாவில் இருக்கிறார் என்றால் அவர் கப்பலில் இருப்பதாக யாரும் நினைக்கமாட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த இன்னொரு சொல் கோர். அரபியில் உள்வாங்கிய நீருக்கு அந்தப் பெயர். துபாய் நகரம் பிறந்ததே அப்படி ஒரு கோரின் இரு கரைகளில்தான். இன்றும் ஆப்ராப் படகுகள் அதில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகின்றன. குடா என்ற பழைய சொல் மிகச் சரியாகப் பொருந்தும் நீர் அது.

எது குடா, எது வெறும் கரைநெளிவு என்பதற்குச் சட்டமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை இப்படிச் சொல்கிறது: குடாவின் வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டை விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் வரையுங்கள். உள்ளே இருக்கும் நீரின் பரப்பு அந்த அரைவட்டத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அது குடா. வாய் 24 கடல்மைலுக்கு மேல் போகாவிட்டால், உள்ளே உள்ள நீர் முழுவதையும் அந்த நாடு தன் உள்நாட்டு நீர் என்று மூடிக்கொள்ளலாம். வழக்கறிஞர்களும் கடைசியில் வளைவைத்தான் அளந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில் வங்காள விரிகுடா குடாவே ஆகாது, அதன் வாய் நூற்றுக்கணக்கான மைல்.

வங்காள விரிகுடாவுக்கு ஒதுக்கம் என்ற பொருளும் பொருந்தாது. வடக்கே போகப் போக, எண்ணெய் ஊற்றும் புனல்போலக் குறுகும் கடல் அது. புயல் தள்ளிக்கொண்டு வரும் நீருக்கு விரிய இடமில்லாமல் மேலே எழும்புகிறது. 1970 நவம்பரில் இப்படி எழுந்த நீர் இன்றைய வங்கதேசக் கரையில் மூன்று லட்சம் பேரையாவது கொன்றது. மேற்கே குஜராத்தின் காம்பத் வளைகுடாவிலும் இதே குறுகல். ஆனால் அங்கே ஏறுவது ஓதம், அன்றாடம் ஏறி வற்றும் கடல்நீர். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 10 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அதன் கரையில் உள்ள அலங்கில், ஏற்றத்தில் கப்பலை ஓட்டி வந்து கரையில் ஏற்றி, வற்றத்தில் தரையில் கிடக்கும் கப்பலை உடைக்கிறார்கள். ஆகவே குடா என்றால் பாதுகாப்பு என்று சொல்லின் மேல் ஏற்றிவிடக் கூடாது. சொல் வளைவை மட்டும்தான் சொல்கிறது. பாதுகாப்பு அந்த வளைவின் அளவையும் திசையையும் பொறுத்தது.

மற்ற மொழிகள் இதே இடத்தை எப்படிப் பார்த்தன என்பதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கிரேக்கத்தில் குடாவுக்குக் கொல்போஸ் என்று பெயர். அதே சொல்லுக்கு மார்பு, மடி, ஆடையின் மடிப்பு என்றும் பொருள். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க நிலநூலார் நம் கரையை எழுதும்போது மன்னார் வளைகுடாவைக் கொற்கையின் பெயரால் கொல்கிக் கொல்போஸ் என்று குறித்தார். பாக் விரிகுடாப் பக்கத்தை அர்காரிக் கொல்போஸ் என்றார், அதை உறையூரோடு இணைப்பார்கள். ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் கல்ஃப், கோல்ஃபோ எல்லாம் இந்தக் கொல்போஸின் பிள்ளைகள்.

நம்மிடம் இந்த உருவகம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, கடலோரத்திலேயே இருக்கிறது. மடி என்ற சொல்லை எடுங்கள். குழந்தையைப் படுக்கவைக்கும் மடி, வேட்டியில் காசு முடியும் மடி, இரண்டும் கொல்போஸ் சொல்லும் அதே பொருள்கள். வலையில் மீன் வந்து சேரும் பைபோன்ற பகுதிக்கும் மடி என்றுதான் பெயர்; கரைவலைக்கு மடி உண்டு, சுருக்குமடி வலை என்ற பெயரைச் செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். கரையின் வளைவுக்கு மட்டும் மடி என்று வைக்காமல் குடா என்று வைத்தோம்.

இலத்தீனில் சைனஸ். அதற்கும் வளைவு, மடிப்பு, மார்பு, குடா என்று பொருள். மூக்கின் பக்கத்தில் எலும்புக்குள் இருக்கும் குழிவுகளுக்கு மருத்துவர்கள் வைத்த பெயரும் அதுவே. நீங்கள் பள்ளியில் படித்த முக்கோணவியலின் சைன் இதன் வழி வந்த சொல்தான். ஆரியபட்டர் முதலானோர் வட்டத்தின் நாணுக்கு ஜ்யா, ஜீவா என்று எழுதினார்கள். அரபியர் அதை ஒலிபெயர்த்து எழுதியபோது, உயிர்க்குறி இல்லாத அந்த எழுத்துகளைப் பின்னால் வந்தவர்கள் ஜைப் என்று படித்தார்கள். ஜைப் என்றால் அரபியில் ஆடையின் மார்புமடிப்பு. 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு மாற்றியவர்கள் மடிப்புக்குச் சரியான சொல் சைனஸ் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஜைப் இந்தியாவுக்குள் ஜேப் ஆகி, தமிழில் ஜேப்பாக நம் சட்டைப் பையில் வந்து சேர்ந்தது. ஜேப்படித் திருடன் என்று சொல்லும்போது வாயில் வருவது இதே சொல். குடாவும் சட்டைப் பையும் கணிதமும் ஒரு மடிப்பில் சந்திக்கும் இந்த இடம் எனக்குச் சொல்லாராய்ச்சியில் கிடைத்த பெரிய இன்பங்களில் ஒன்று.

ஆங்கிலத்தில் மிகச் சிறிய, அடக்கமான குடாவுக்குக் கோவ் என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அது அறை. உள்ளறை, சிற்றறை, பிறகு வட இங்கிலாந்தில் குகை, அப்புறம்தான் கடல் ஒதுக்கம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நாலுபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கையும் கோவ் என்பார்கள். அங்கே கடலே இல்லை. குடவு என்ற நம் சொல்லுக்கு வளைவோடு குகை என்ற பொருளும் இருப்பதை மேலே சொன்னேன். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே குகைக்குள் போயிருக்கின்றன.

இனி உங்கள் மொழிபெயர்ப்புக்கு. கழி, காயல், களப்பு ஆகிய மூன்றையும் குடாவுக்குப் பதிலாக எழுதிவிடாதீர்கள். கழி என்பது ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் உப்புநீர் உள்ளே ஏறி நிற்பது. களப்பு ஆழமில்லாத கடல்நீர்ப் பரப்பு, மணல்திட்டுக்குப் பின்னால் அடங்கியது, ஒடுங்கிய வாய் வழியாகக் கடலோடு தொடர்புடையது. மட்டக்களப்பு அதற்கு நேரடி எடுத்துக்காட்டு. காயலும் ஏறத்தாழ அதுவே. காயல்பட்டினத்தில் ஊர்ப்பெயராக நிற்கிறது, கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில் நீர்ப்பெயராகவே வாழ்கிறது. இவை மூன்றிலும் நீர் கிட்டத்தட்ட அடைபட்டிருக்கிறது. குடாவில் வாய் திறந்திருக்கிறது.

நீங்கள் மொழிபெயர்க்கும் பகுதியில் இரு பக்கமும் பாறைமுனை, நடுவில் கொஞ்சம் மணல், இரண்டு மூன்று படகு ஒதுங்கும் அளவு நீர் என்றுதானே இருக்கிறது? அங்கே விரிகுடா, வளைகுடா எதுவும் வேண்டாம், அவை மாகடலின் அளவுக்கு வளர்ந்துவிட்ட சொற்கள். வெறும் குடா என்று எழுதுங்கள். அளவைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் சிறுகுடா. பெயரோடு வரும் இடங்களில் பாசிக்குடாவின் வழக்கப்படி கடைசியில் ஒட்டிவிடுங்கள்.